ஏழாம் கதவைப் பற்றி நான் எழுதிய கட்டுரை

நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது ஒரு வீடியோ கேமைப் பற்றிய கட்டுரை. எழுத்தாளர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேரள மலையூரான வாகமண்ணில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஆதார் அட்டை நகல் கேட்டு வாங்குகிறவள் நான். அந்தக் கேமின் ரசிகர்கள் கூடும் தமிழ்க் குழுவில் இன்றைக்கும் என் கட்டுரையைத்தான் உச்சியில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களிடம், முதலில் ஏழாம் கதவுக் கட்டுரையைப் படி, அப்புறம் வாயைத் திற என்று அதட்டுகிறார்கள். அதில் ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று அங்கே எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரிய வெளிச்சம் எட்டாத ஒரு நிலா. மேலே பனிக்கட்டி, அதற்குக் கீழே ஒரு சுரங்கம். ஒரு கம்பெனி அங்கே ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. ஒருநாள் கம்பெனியின் கப்பல் திரும்பிப் போய்விடுகிறது. மாற்று ஆட்கள் வருகிறார்கள், அதுவரை வேலை நடக்கட்டும் என்று ஒரு செய்தி மட்டும் வருகிறது. மாற்று ஆட்கள் வருவதில்லை. நாம் விளையாடுவது குழாய்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண்ணாக. அவள் முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார்கள். தீக்காயத் தழும்புள்ள இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். ஒலிபெருக்கி கெட்டுப்போனதால், ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் அவள் ஒரு குழாயில் ஒருமுறை தட்டுவாள். அறை அறையாக அடைபட்டுக் கிடக்கிறவர்கள் வரிசையாகப் பதிலுக்குத் தட்டுவார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம்.

பயம் மூன்றாம் பாகத்தில்தான் ஆரம்பிக்கிறது. நான்காம் அறையில் ஒருவரும் உயிரோடு இல்லை என்று நாமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அடுத்த ஷிப்டில் நான்காம் அறையிலிருந்து பதில் வருகிறது. பனிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று தட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. பதில் கொடுத்தால் அது நம்மைத் தேடி வரும். அதற்குப் பிறகு சுரங்கத்தில் ஒரே விதிதான்: நேரம் தவறி வரும் தட்டலுக்குப் பதில் கொடுக்காதே, அசையாதே, மூச்சை அடக்கு. கடைசியில் ஏழாம் கதவுக்குப் பின்னாலிருந்து தட்டல் கேட்கும். அங்கே போய் ஒளிந்துகொண்ட சுரங்கத்துச் சமையல்காரரா, இல்லை அந்த ஏதோ ஒன்றா என்று நமக்குத் தெரியாது. திறக்காமல் நின்றால் மீட்புக் கலம் கிளம்பும், நாம் பிழைப்போம். திறந்தால் திரை இருண்டு, யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டு, கதை முடிந்துவிடும். கதவுக்குப் பின்னால் யார் என்று கேமை உருவாக்கியவர்கள் இதுவரை சொல்லவில்லை. நாங்கள் அடித்துக்கொள்வதெல்லாம் அதற்காகத்தான்.

இந்தக் கதை எனக்குப் பிடித்துப்போனதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் எஸ்டேட். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மூடிவிட்டார்கள். ஒருநாள் காலையில் மானேஜர் பங்களாவில் பூட்டு தொங்கியது. சீக்கிரம் திறந்துவிடும், யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று யாரோ வந்து சொன்னதாகச் சொன்னார்கள். யார் வந்து சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். தேயிலைச் செடியெல்லாம் இப்போது மரமாக நிற்கிறது. தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்தில் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். நான்கு காலியாகி, கூரைத் தகரம்கூடக் கழன்று போய்விட்டது. மிச்சம் இரண்டில் ஒன்றில் அம்மாவும் நானும். அடுத்ததில் ஒரு மாமா. உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். மனைவி இறந்துவிட்டாள், மகள் கம்பத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள்.

அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வாடகைக்கு இருந்துகொண்டு கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறான். இங்கே வந்துவிடு என்று அம்மாவை அவன் கூப்பிடாத மாதம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மறுவாரம் தகரம் இருக்காது, அப்புறம் எஸ்டேட் திறந்தால் நமக்கு ஏது வீடு என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். எஸ்டேட் திறக்குமாம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு அடுத்தவர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் பேசுகிற பேச்சு.

மேல் லயத்தில் ஒரு கிழவி இறந்து இரண்டு நாளாக யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். அதிலிருந்து அம்மாவும் மாமாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலை ஆறு மணிக்கு அம்மா தோசைக் கரண்டியின் காம்பால் நடுச்சுவரில் ஒருமுறை தட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்து மாமா தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் ஒருமுறை தட்டுவார். அதற்கு அம்மா மஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். எஸ்டேட் ஓடிய காலத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். காலையில் ஒரு தட்டு. அதைத் தவிர எந்த நேரத்தில் சுவர் தட்டப்பட்டாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கேமில் முதல்முறை குழாய்த் தட்டல் வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அட, நம்ம மஸ்டர்.

கேம் ஓடுகிற லேப்டாப் அண்ணன் வாங்கி, ஆசை தீர்ந்து, என் தலையில் கட்டியது. தென்மேற்கு மழை பிடித்ததும் வாகமண்ணுக்கு ஆள் வருவது நின்றுபோனது. லாட்ஜில் இரண்டு மாதம் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். அம்மா காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் கட்டிலில் நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் லேப்டாப்பை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினால் சுரங்கத்துக்குள் போய்விடுவேன். வெளியே பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு மூடுபனி. விளையாட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாமா சில நாள் டீ கிளாஸோடு வந்து உட்கார்ந்து பார்ப்பார். இன்னுமா அந்தக் குழிக்குள்ளேருந்து வெளியே வரவில்லை என்று கிண்டல் செய்வார். கப்பல் வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஏழாம் கதவு வந்தபோது, நான் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"தட்டுதாம்ல, திறந்து பாரு பிள்ள."

திறந்தால் செத்துப்போவோம், ஆட்டம் முடிந்துவிடும் என்றேன். அது சமையல்காரராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இருக்காது, இருந்தாலும் நமக்கு ஆபத்துதான் என்றேன்.

"நல்ல வெளையாட்டு போ" என்று சொல்லிவிட்டு, காலி கிளாஸை எடுத்துக்கொண்டு விறகை நனையாமல் மூடப் போய்விட்டார்.

அவர் பார்வை ரசிகனின் பார்வை இல்லை என்று நான் நினைத்தேன். நான் பெரிய ரசிகை. குழுவில் அப்போது பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருப்பது மனிதன்தான், நாம் அவனை விட்டுவிட்டு ஓடுகிறோம், அதுதான் கதையின் உண்மையான பயங்கரம் என்று ஒரு கோஷ்டி. அப்படியெல்லாம் இல்லை, அது அந்த ஜந்துதான் என்று இன்னொரு கோஷ்டி. நான் இரண்டாவது கோஷ்டி. ஆனால் மற்றவர்களைப் போல் சும்மா கத்தவில்லை. ஆதாரத்தோடு நிரூபிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். ஏழாம் கதவுத் தட்டல்களை மறுபடி மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே எத்தனை நொடி என்று ஒரு நோட்டில் எழுதினேன். இடைவெளிகள் துல்லியமாக ஒரே அளவில் இருந்தன. மனிதன் அப்படித் தட்டமாட்டான் என்பது என் கட்சி. மனிதன் எப்படித் தட்டுவான் என்று எழுதத்தான் வார்த்தை வரவில்லை.

அன்றைக்கு மதியம் மூன்று மணி இருக்கும். தகரத்தில் மழை கொட்டியது. யாராவது வாசலில் நின்று கூப்பிட்டாலும் கேட்காத மழை. நான் ஏழாம் கதவை ஓடவிட்டு நொடி எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது முதுகில் ஒரு அதிர்வு பட்டது.

கேமின் சத்தம் என்று குழம்பினேன் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். நான் குழம்பவில்லை. கேம் காதில் கேட்கிறது. இது முதுகில் பட்டது. ஹெட்போனைக் கழற்றினேன். மறுபடி வந்தது. இரண்டு தட்டு கொஞ்சம் பலமாக, பிறகு ஒரு இடைவெளி, பிறகு ஒன்று மெதுவாக. என் கை தானாகச் சுவரை நோக்கி எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று நானும் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு மாதமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம், தட்டல் கேட்டால் அசையாதே என்று என் உடம்பைப் பழக்கியிருந்தேன். அது உண்மை. மூச்சை அடக்கிக்கொண்டு, கேமில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது, அதில் ஒரு சுகமும் இருந்தது. ஆனால் அது ஒரு நிமிடம்தான் இருக்கும். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. அப்புறமும் நான் எழுந்திருக்கவில்லை. அதற்குக் கேமைக் குற்றம் சொல்ல முடியாது. மாமா கூரை ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் சொருகி ஆணி அடிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழையில் நனைந்துகொண்டு போக வேண்டும். கட்டுரையை அன்றைக்கே போடுவதாக வேறு குழுவில் சவால் விட்டிருந்தேன்.

தட்டல் நின்று நின்று வந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் வரவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. கேமில் தட்டல் ஓய்ந்ததும் வருகிற அதே நிம்மதி. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதுவரை வராத வார்த்தை அப்போது வந்தது. எழுதினேன்: "மனிதன் தட்டினால் கை சோரும். ஒவ்வொரு தட்டலும் முந்தியதைவிட மெலிந்து, பிந்தி வரும். ஏழாம் கதவில் தட்டுவதற்குக் களைப்பே இல்லை. அதனால் அது மனிதன் இல்லை."

நாலரை மணிக்குக் கட்டுரையைக் குழுவில் போட்டேன். அம்மா வருவதற்குள்ளேயே பாராட்டு வந்து குவிந்துவிட்டது. முதல் கோஷ்டியின் தலைவன்கூட, இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை என்று எழுதியிருந்தான். நான் டீ போட்டுக் குடித்தேன். அந்த டீயின் ருசி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, இஞ்சி தூக்கலாக.

அம்மா ஐந்தரை மணிக்கு வந்தாள். மாமா வீட்டில் அடுப்புப் புகை இல்லை என்று பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் காலை வைக்காமல் நேரே அங்கே போனாள். என்னை அவள் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சு ஒருபக்கம் கவிழ்ந்து கிடந்தது. ஷீட் சொருக ஏறியவர் விழுந்து இடுப்பு முறிந்து, சுவர் ஓரமாக ஊர்ந்து வந்திருக்கிறார். கவ்வாத்துக் கத்தி எட்டாத இடத்தில் இருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் செம்பு. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது. கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். முதலில் ஏலப்பாறை, அங்கிருந்து கோட்டயம்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். இடுப்பு பெரிய பிரச்சினை இல்லை, அத்தனை நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது, கொஞ்சம் முன்னால் தூக்கியிருந்தால் என்று டாக்டர் மலையாளத்தில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் நாள் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"நீ வாகமண்ணுக்குப் போயிட்டேன்னு தெரியாமப் போச்சு பிள்ள. நான் பாட்டுக்குத் தட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

அம்மா கையில் பிளாஸ்கோடு நின்றாள். அன்று நான் எங்கேயும் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வரும்போது என் டீ கிளாஸ் கழுவாமல் அடுப்பு மேடையில் இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமாண்ணே. அன்னைக்கு அவ வீட்டுல இல்ல" என்றாள்.

நான் உண்மையைச் சொல்லி அவர் காலைப் பிடித்திருக்கலாம். அவர் என்னைத் திட்டியிருக்கமாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சொல்லவில்லை. ஆறு நாள் கழித்து அவர் இறந்துபோனார். மகள் கம்பத்திலிருந்து வந்து அழுதுவிட்டு, அந்தச் செம்பை ஞாபகத்துக்கு என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரண்டியை எடுத்துச் சுவரில் ஒருமுறை தட்டினாள். பழக்கம். தட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை கேமைத் திறந்தேன். நேரே ஏழாம் கதவுக்குப் போனேன். திறந்தேன். திரை இருண்டது, மூச்சு கேட்டது. எண்ணாமல் இருக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த மூச்சின் இடைவெளி ஒரே அளவில் இல்லை. விட்டு விட்டு, இழுத்து இழுத்து வருகிறது. அப்படியானால் என் கட்டுரை தப்பா என்று கேட்டால், தெரியாது. மூச்சு கதவுக்குப் பின்னால் இருப்பவருடையதா, திறந்த பெண்ணுடையதா என்றே தெரியவில்லை. எனக்கு இப்போது அது முக்கியமாகவும் படவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று அத்தனை பேர் சண்டை போட்டோம். இந்தப் பக்கம் நிற்கிறவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கு முகம் இல்லாததால் எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. திறக்காமல் நிற்கிறவர்களுக்குக் கேம் ஒரு பதக்கம் தருகிறது. பெயர் 'பிழைத்தவள்'. என் கணக்கில் அந்தப் பதக்கம் பதினொன்று இருக்கிறது.

கட்டுரையை நீக்கிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை திறந்திருக்கிறேன். அந்த வரியைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அது நான் எழுதிய வரி இல்லை. அவர் தட்டியதை நான் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்.

இனி ஒரு துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி பிறந்த சமயம், வாசலில் துணிக்கொடி கட்டிய கம்பத்தில் தினமும் காலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருப்பதைக் கவனித்தேன். அம்மா காயப்போடுகிறாள் என்று விட்டுவிட்டேன். அடை மழையில் யாராவது துண்டு காயப்போடுவார்களா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் வந்ததும் அவிழ்த்துவிடுவாள், காலையில் மறுபடி கட்டுவாள்.

லாட்ஜ் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. நான் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, கிண்ணத்தில் ஊற்றி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். உடனே எழுந்து திறந்தேன். கீழ் லயத்தில் இருக்கும் சித்தி. அவளும் முறைக்குச் சித்திதான். குடைகூட இல்லாமல் அந்தச் செங்குத்துப் படியில் ஓடிவந்திருக்கிறாள். வழுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம். மூச்சு வாங்கியது. என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"என்னக்கா, கீழேருந்து பாத்தா துண்டக் காணோம்?"

காய்ச்சல்தான், எழும்ப முடியவில்லை என்று அம்மா சொன்னாள். சித்தி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வீட்டுலதான இருக்க பிள்ள? அந்தத் துண்ட எடுத்துக் கட்டிருக்கலாம்ல. நான் என்னமோ ஏதோன்னு ஓடியாறேன்."

என்ன துண்டு, எதற்குக் கட்ட வேண்டும் என்று நான் கேட்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். கண்ணைத் திறக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அவளுக்குத் தெரியாது. அவகிட்ட நான் சொல்லல."

சித்தி எழுந்து வந்து, என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளே ஊட்டினாள்.